மூணாவது டம்ளர்

வாங்க தம்பி, இங்ஙன ஜன்னலோரம் உக்காருங்க, காத்து வரும். ஐயோ வேண்டாம், கன்னத்துல துண்டு கட்டியிருக்கீங்க, உங்களுக்குக் காத்துப் படக்கூடாது. நான் ஜன்னலுக்குப் போயிருதேன், நீங்க இப்பிடி வாங்க. பல்லுதான? வாயத் தொறக்காதீங்க, தலைய மட்டும் ஆட்டுங்க. எடது பக்கம், கீழ, கடைசிக்கு முந்துன கடவாப்பல்லு. சரியா? பாத்தீங்களா, வீக்கத்த வச்சே சொல்லிட்டேன். மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கா? நானும் மதுரைக்குத்தான். இது எல்லா ஊருக்குள்ளயும் நுழைஞ்சு போற வண்டி, நாலு மணி நேரம் ஆக்கிருவான். நீங்க பேச முடியாது, நான் பேசலாம்லா? எட்டு மாசமா பேச ஆளில்லாமக் கெடக்கேன், பாத்துக்கிடுங்க.

இந்தாங்க, கிராம்பு. அந்தப் பல்லு மேல வச்சு லேசா அமுக்கிக்கிடுங்க. என் பையில எப்பவும் இருக்கும். எனக்கு இல்ல, உங்கள மாதிரி ஆளுகளுக்கு. எனக்கு எதுக்கு? இங்க பாருங்க, ஈ... எண்ணிக்கிடுங்க. முப்பத்திரெண்டு. வயசு அறுபத்தெட்டு. ஒண்ணு அடைச்சதில்ல, ஒண்ணு பிடுங்குனதில்ல. கரும்ப இன்னிக்கும் பல்லாலதான் உரிப்பேன். உரிச்சுட்டு வாயக் கொப்பளிச்சிருவேன், அது வேற.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரா இருந்தேன். ஆவுடையப்பன் சாருன்னா யாருக்கும் தெரியாது. பல்லு சாருன்னு கேட்டீங்கன்னா பஸ் ஸ்டாண்டுல இருந்தே கூட்டியாந்து விட்டுருவாங்க. காலையில பிரேயர் முடிஞ்சதும் எல்லாப் பயலுகளும் வரிசையா நிக்கணும். "ஈ காட்டு"ம்பேன். காட்டுவானுக. ஒரு நாளைக்கு அறுபது வாய் பாப்பேன். மஞ்சளா, கருப்பா, சொத்தையா, எல்லாத்தையும் சத்தமாச் சொல்லுவேன், லீடர் நோட்டுல எழுதுவான். சத்தமாச் சொன்னாத்தான் வெக்கப்பட்டு மறுநாளு விளக்கிட்டு வருவான். அடிக்கல, திட்டல, எண்ணுனேன், அவ்வளவுதான். நான் செஞ்சது தப்பா?

வெறுமன விளக்குனாப் பத்தாது தம்பி. வெளிய இருந்து விளக்குறது பாதிதான், உள்ள போற சாப்பாடுதான் மீதி. கேப்பை, எள்ளு, முருங்கைக்கீரை. சாளை மீன முள்ளோட மென்னு திங்கணும். பாலு, மோரு. நெல்லிக்காயும் கொய்யாக்காயும் கடிச்சுத் திங்கணும், வெட்டித் திங்கப்பிடாது. ஒட்டுறது எதுவும் ஆகாது. மிட்டாய், பிஸ்கட், இந்த ஜவ்வு மாதிரி இழுக்குறதெல்லாம் ஆகவே ஆகாது. இதெல்லாம் எங்க வீட்டுல சட்டம். அடுப்படிச் செவத்துல சாக்பீஸால எழுதிப் போட்டிருந்தேன், திங்கக் கெழமைக்கு என்ன, செவ்வாக் கெழமைக்கு என்னன்னு. வீட்டம்மா பேரு பிரமு. பிரமநாயகி. நாப்பத்தியொரு வருஷம் அந்தச் செவத்தப் பாத்துத்தான் ஒல வச்சா. ஒரு நாள் மாறுனதில்ல. வீட்டுக்கு யாரும் பலகாரம் கொண்டாந்தா வாசல்லயே திருப்பிக் குடுத்துருவேன். தீவாளிக்குக்கூட எள்ளுருண்டைதான், அதுவும் கருப்பட்டி கொஞ்சமாப் போட்டு. சொந்தக்காரங்க வர்றத நிறுத்திட்டாங்க. வராட்டிப் போறாங்க, பல்லு நல்லாருக்குல்ல?

அப்பிடி நடத்துன வீட்டுல, தம்பி, என்னைய ஏமாத்திட்டா.

யாரா? பிரமுதான். சொல்லுதேன் கேளுங்க, இதுக்கு நியாயம் நீங்கதான் சொல்லணும். தலைய ஆட்டுனாப் போதும்.

எங்களுக்கு ஒரே பய. கொம்பையா, எங்கப்பா பேரு. மதுரையில வேலை, பொண்டாட்டியும் அந்த ஊருதான். தமயந்தின்னு பேரு, நல்ல பிள்ள. எட்டு மாசத்துக்கு முந்தி மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில பிரசவம், பேத்தி பொறந்திருக்கு. நானும் பிரமுவும் போயிருந்தோம். பிள்ளையத் துணியில சுத்திக் கொண்டாந்து இவ கையில குடுத்தாங்க. எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டுல்லா, சேனை வைக்கிறது. நல்ல கொணமுள்ளவங்க சீனித்தண்ணியத் தொட்டு பிள்ள நாக்குல வைப்பாங்க, வைக்கிறவங்க கொணம் பிள்ளைக்கு வரும்பாங்க. பயலுக்கு என்ன தோணுச்சோ, "யப்பா, நீங்க வைங்க"ன்னு சீனித்தண்ணி இருந்த பாலாடைய என்கிட்ட நீட்டுனான். ஆசையாத்தான் நீட்டுனான். நான் வாங்கல. "பல்லே மொளைக்காத வாயில சீனியாலே? பொறந்த அன்னிக்கே ஆரம்பிச்சிட்டியா?"ன்னேன். டாக்டரம்மாகூட நான் சொன்னதுதான் சரின்னாங்க, பாத்துக்கிடுங்க. தாய்ப்பாலு தவிர எதுவும் குடுக்கப்பிடாதுன்னாங்க. பயலுக்கு மொகம் சுருங்கிப்போச்சு. நான் சொன்னது தப்பா?

அந்த நேரம் பாத்து பிள்ள என்னமோ வாயக் கோணுச்சு. பிரமு சிரிச்சா. சும்மா இல்ல, வாய் விட்டு, தலையப் பின்னால சாச்சுக்கிட்டு. நான் பாத்தேன். தம்பி, மேல முன்பல்லு நாலும் இல்ல.

நான் எத்தன வாய் பாத்தவன்! அறுபது வாய் ஒரு நாளைக்கு, முப்பத்திமூணு வருஷம். என் வீட்டுக்குள்ள இருக்குற வாயில நாலு பல்லு இல்ல, எனக்குத் தெரியல. எப்பிடித் தெரியும்? எப்பப் பேசினாலும் முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கிடுவா. பாதி நேரம் அடுப்படிக்குள்ள இருந்துதான் பதிலு. அடக்கமான பொம்பளன்னு நெனச்சேன். ஊர்லயும் பெருமையாச் சொல்லியிருக்கேன், எம் பொண்டாட்டி பல்லு வெளிய தெரியச் சிரிக்க மாட்டான்னு.

நான் என்ன செஞ்சேன்? ஒண்ணும் செய்யல. "ஏளா, வெளிச்சத்துக்கு வா"ன்னு கையப் பிடிச்சு ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போனேன். "ஈ காட்டு"ன்னேன். எல்லாரு முன்னாலயும் செஞ்சீங்கன்னு பய இன்னிக்கு வரைக்கும் சொல்லுதான். எல்லாரும்னா யாரு? சம்பந்தி ரெண்டு பேரு, ஒரு நர்சம்மா, தண்ணி கேன் தூக்கிட்டு வந்த ஒருத்தன். அவ்வளவுதான கூட்டம்? அவ காட்டுனா. நான் எண்ணுனேன். சத்தமா எண்ணிட்டேன், பழக்கம். மேல ஏழு இல்ல, கீழ ரெண்டு இல்ல, ஒண்ணு ஆடுது. ஒம்பது பல்லு தம்பி! அவ வாயத் தொறந்தபடியே நின்னா. கண்ணுல தண்ணி ஊத்துது. ஜன்னல்ல வெயில் நேரா மூஞ்சியில அடிச்சுது, அதான்.

"எப்பளா போச்சு?"ன்னு கேட்டா, பதிலு சொன்னது அவ இல்ல, பய. "மூணு வருஷமா யப்பா. வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஒண்ணொண்ணாப் பிடுங்கிட்டு வந்தா. உங்களுக்குத் தெரிஞ்சாப் பேசியே கொன்னுருவீங்கன்னு." பயலுக்குத் தெரிஞ்சிருக்கு. மருமகளுக்குத் தெரிஞ்சிருக்கு. சம்பந்தியம்மா மொகத்தப் பாத்தா அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும் போல. பல்லு சாருக்கு மட்டும் தெரியாது. வெள்ளிக்கெழம நெத்தியில திருநீறு பூசிட்டுத்தான தம்பி வருவா! வந்து எனக்கு மத்தியானச் சோறு போட்டிருக்கா. பல்லு பிடுங்குன வாயோட, பஞ்சக் கடிச்சுக்கிட்டு. நான் அன்னிக்கும் செவத்தக் காட்டி, இன்னிக்கு மொச்சைப்பயறு போடணுமே, ஏன் போடலன்னு கேட்டிருப்பேன்.

"மூணு மாசம் இருந்து பிள்ளையப் பாத்துட்டு வாரேன்"ன்னா. நான் தனியா ஊருக்கு வந்தேன். மூணு மாசம் ஆறாச்சு. ஆறு எட்டாச்சு. மருமக வேலைக்குப் போறா, பிள்ளையப் பாக்க ஆள் வேணும், நியாயந்தான். அதுக்குத்தான் இருக்கா. வேற ஒண்ணுமில்ல.

ஆனா தம்பி, ஒத்தையில இருந்து பாத்திருக்கீங்களா? எங்க வீடு நீளமான வீடு. நான் உக்காந்து நெல்லிக்காயக் கடிச்சா அந்தக் கோடி வரைக்கும் கேக்குது. வீட்டுல சத்தம்னு ஒண்ணு இருந்தா அது நான் மெல்லுற சத்தம்தான். முன்னாடியும் அவ ஒண்ணும் பெருசாப் பேசுறவ இல்ல. ஆனா அடுப்படியில ஒரு ஏனம் உருளும், ஒரு தண்ணி ஊத்துற சத்தம். இப்ப மெல்லுறத நிறுத்தினா ஒண்ணுமே இல்ல. அதுக்குப் பயந்துக்கிட்டே நெறைய நேரம் மெல்லுதேன்.

எனக்கு ஆத்தாமை என்னன்னா, அதே சாப்பாடு, அதே வீடு. எனக்கு முப்பத்திரெண்டும் இருக்கு, அவளுக்கு எப்பிடிப் போச்சு? திருட்டுத்தனமா மிட்டாய் தின்னிருக்கான்னுதான் மொதல்ல நெனச்சேன். அடுப்படியில டப்பா டப்பாவாத் தொறந்து பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. அஞ்சறைப்பெட்டியில ஒரு கை கிராம்பு இருந்துச்சு. கொழம்புல கிராம்பு போட மாட்டா அவ.

அப்புறம் இந்தப் பால். நான் தனியா வந்த மறுநாளு பால் வந்துச்சு. சங்கிலின்னு ஒருத்தன், முப்பது வருஷமா அவந்தான் ஊத்துறான். அரை லிட்டரு. என் வாழ்க்கையில மொத மொதலா நான் பாலு காச்சுனேன். எங்க வீட்டுல ரெண்டு பெரிய டம்ளர் உண்டு, பேரு வெட்டுனது. ஒண்ணுல என் பேரு, ஒண்ணுல பய பேரு. பயலு சின்னதுல இருந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பாலு, அது மாறாது. என் டம்ளர்ல ஊத்துனேன். என்ன நெனப்போ, பய டம்ளரையும் எடுத்து வச்சு ஊத்திட்டேன். சட்டியக் கவுத்துப் பாக்கேன், ஒட்டுன ஆடைதான் இருக்கு.

எனக்கு வந்துச்சே கோவம்! சைக்கிள்ல போயி சங்கிலியப் பிடிச்சிட்டேன். "ஏலே, அவ இல்லன்ன உடனே அளவுல கை வைக்கியா? ரெண்டு டம்ளரோட தீந்துட்டு, மூணாவதுக்கு ஒரு சொட்டு இல்ல"ன்னேன். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தான். திரும்பிக்கூடப் பாக்கல. "சார், முப்பது வருஷமா அரை லிட்டர்தான். அம்மா ஒரு நாளும் கொறையின்னு சொன்னதில்லையே"ன்னான்.

நான் சைக்கிளத் தள்ளிக்கிட்டே வந்தேன். ஏறி மிதிக்கத் தோணல.

அரை லிட்டர்ல ரெண்டு டம்ளர்தான் தம்பி வரும்.

பாலு பிடிக்காதுன்னு சொல்லியிருக்கா, நெசம்தான். கல்யாணமான புதுசுலயே சொன்னா. நான் கடுங்காப்பியே குடிச்சுக்கிடுதேன்னா. பய மதுரைக்குப் போன பெறகு அவன் டம்ளர் பாலாவது குடிச்சாளான்னு யோசிச்சுப் பாத்தேன். அது தயிராச்சு. கெட்டித் தயிரு, கரண்டியால வெட்டி எடுக்கணும். அந்தத் தயிரும் என் எலையிலதான் விழுந்துச்சு. சாளை மீனு ஆறு வாங்குவேன். எனக்கு நாலு, பயலுக்கு ரெண்டு. அவளுக்கு மீனு ஒத்துக்கிடாதும்பா, வெறும் கொழம்ப ஊத்திக்கிடுவா. இப்பப் பய போன்ல சொல்லுதான், "அம்மாவுக்கு அயிரமீன் கொழம்பு வச்சா ரெண்டு வாட்டி சோறு வாங்குதா யப்பா." ஒத்துக்கிடாதுன்னு சொன்னவ! அன்னிக்கும் எனக்குக் கோவந்தான் வந்துச்சு, இதுலயும் ஏமாத்திட்டாளேன்னு.

அவ என்ன தின்னான்னு நான் எப்பிடிப் பாப்பேன்? நான் சாப்புட்டு எந்திரிச்ச பெறகுல்ல அவ உக்காருவா. கைகழுவிட்டு நான் முற்றத்துப் பக்கம் போயிருவேன். எங்க ஊர்ல எல்லா வீட்டுலயும் அப்பிடித்தான். ஊர்ப் பயலுக ஒவ்வொருத்தன் டிபன் பாக்ஸையும் தொறந்து பாத்திருக்கேன் தம்பி. என்ன கொண்டாந்திருக்கான், கீரை இருக்கா, முட்டை இருக்கான்னு. என் வீட்டுல ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு. அத நான் ஒரு நாளும் எட்டிப் பாக்கல.

இதப் பாருங்க, போன்ல ஒரு போட்டோ. பய நேத்து அனுப்புனான். மடியில பிள்ள, இது பிரமு. மிச்சமும் ஆட ஆரம்பிச்சதால அங்க எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாம். ரெண்டு பேரும் வாயத் தொறந்து சிரிக்காங்க பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி பொக்க வாயி. உத்துப் பாருங்க, பிள்ளைக்குக் கீழ ஒரு பல்லு, அரிசி மொனை மாதிரி எட்டிப் பாக்குது. அதக் காட்டத்தான் அனுப்பியிருக்கான். நான் பிள்ள பல்ல ஒரு நேரந்தான் பாத்தேன். இவளத்தான் ராவெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தேன். பல்லு செட்டு கட்டித் தாரேன்னு பய கூப்புட்டதுக்கு, "வேண்டாம்ய்யா, இப்பத்தான் வாயி நிம்மதியா இருக்கு"ன்னாளாம்.

சொல்லாமத்தான் போறேன். யாரும் என்னைய வான்னு கூப்புடல. போயி, "வீட்டுக்கு வா"ன்னு கூப்புடணும். வருவாளா? நீங்க என்ன நெனைக்கீங்க? சரி விடுங்க, உங்களுக்கு எப்பிடித் தெரியும்.

இந்தப் பையில என்ன இருக்கு தெரியுமா? கேப்பை, எள்ளு, பொரிகடலை, காஞ்ச முருங்கைக்கீரை. எல்லாம் பொடி. ஒரு வாரமா மிக்சியில அரைச்சேன், ரெண்டு தரம் சலிச்சேன். நெத்திலிக் கருவாடு தனியா ஒரு டப்பாவுல, அதுவும் மாவுதான். மென்னு தின்னு, மென்னு தின்னுன்னு ஊரெல்லாம் சொன்னவன், ஒண்ணக்கூட மெல்ல வேண்டாத மாதிரி அரைச்சுக் கொண்டு போறேன். அப்புறம் இது. புது டம்ளர். நேத்துதான் பாத்திரக் கடையில குடுத்துப் பேரு வெட்டுனேன். "முழுசா பிரமநாயகியா, வெறும் பிரமுவா"ன்னு வெட்டுறவன் கேட்டான். கூப்புடுற பேரையே வெட்டுன்னேன். சங்கிலிகிட்டயும் சொல்லிட்டேன், வர்ற திங்கக் கெழமையில இருந்து அவளுக்கும் சேத்து முக்கா லிட்டர் ஊத்தணும்னு. அவ வரலன்னா அந்தப் பால என்ன செய்யப் போறேன்னு அவன் கேக்கல. நல்ல மனுஷன்.

கோயில்பட்டி வந்துட்டு. ஜன்னல் பக்கம் பாக்காதீங்க, கடலை மிட்டாய் விக்கிறவனுக ஓடி வருவானுக. உங்களுக்கு இருக்குற நெலமைக்கு ஒரு துண்டு பட்டாப் போதும், உசுரு போயிரும். ஏ, வேண்டாம்ப்பா, போ. போங்கேன்லா!

இந்த எடந்தான் தம்பி. இதே ஸ்டாண்டு. கல்யாணமாகி மூணாம் நாளு, மீனாட்சிய கும்புடன்னு மதுரைக்குப் போறோம். அவ ஜன்னலோரம், நான் நீங்க இருக்குற எடத்துல. ஒரு கெழவி கடலை மிட்டாய் தட்டத் தூக்கிக் காட்டுனா. பிரமு என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே கைய வெளிய நீட்டுனா. நான் அந்தக் கையப் பிடிச்சு உள்ள இழுத்து மடியில வச்சேன். "பல்லுல ஒட்டும்"ன்னேன். "சரி"ன்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நாப்பத்தியொரு வருஷம் எதையும் வேணும்னு அவ கேட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. அன்னிக்கு அவளுக்கு எல்லாப் பல்லும் இருந்துச்சு. நல்ல பல்லு தம்பி, வெள்ளப்பூண்டு மாதிரி. எனக்கு இப்பத்தான் ஞாபகம் வருது, அவ சிரிச்சத நான் பாத்திருக்கேன். மூணு நாளு பாத்திருக்கேன்.

இப்ப வாங்கலாமா? பல்லு இருந்தப்ப வாங்கித் தரல. பல்லெல்லாம் போன பெறகு கடலை மிட்டாயக் கொண்டு போயி நீட்டுனா, கேலி செய்ய வந்திருக்கான் கெழவன்னு நெனைச்சிற மாட்டாளா? தலைய ஆட்டுங்க தம்பி. வாங்கவா, வேண்டாமா?

ஏ, இங்க வாப்பா! ஆமா, உன்னையத்தான். ஒரு பாக்கெட்டு குடு. வண்டி கெளம்பிட்டு, ஓடியா, ஓடியா. இந்தா, சில்லறைய நீயே வச்சுக்கோ.

என் துண்டக் கொஞ்சம் பிடிங்க. இதுக்குள்ள வச்சுப் பொதிஞ்சு, டப்பா மூடி மேல வச்சு, இந்த டம்ளரால தட்டிருவோம். பொடியாக்கிட்டா அவ வாயில போட்டு ஊற வச்சே முழுங்கிறலாம். டம்ளரு நசுங்குமோ? நசுங்குனா நசுங்கட்டும், பேரு மேல படாமத் தட்டுதேன். பொடியான வெல்லம் இன்னும் மோசம் தெரியுமா, இடுக்குலெல்லாம் போயி... ஆமா. அவளுக்கு எங்க இருக்கு இடுக்கு.

கதவத் தட்டுனா அவதான் வந்து தொறப்பா. பிள்ள இடுப்புல இருக்கும். என்னையப் பாத்ததும் கை தன்னால முந்தானைய எடுத்துட்டு வாய்க்குப் போயிரும், எனக்குத் தெரியும். நான் பாக்க மாட்டேன் தம்பி. அவ காலப் பாத்துக்கிட்டு டம்ளர நீட்டிக்கிட்டு நிப்பேன். அவ வாயில இருந்து கைய எடுக்குற வரைக்கும் நிமிர மாட்டேன், எவ்வளவு நேரமானாலும் சரி.

இன்னும் ஒரு கட்டி கெடக்கு பாருங்க, இந்த மூலையில. துண்ட இழுத்துப் பிடிங்க.